எஞ்சின் மாற்றும்போது இன்ஜெக்டர், சென்சார் வயரிங்: பழைய கிட்டா, வெட்டி ஒட்டுவதா, தனி ஈசிஎம்மா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் சாலையில் வண்டி எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் எனக்கு, கார்புரேட்டர் வண்டியில் எம்பிஎஃப்ஐ எஞ்சின் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் வகை) ஏற்ற நினைப்பவர்களிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். எஞ்சினைத் தூக்கி வைப்பதையும், மவுண்ட் அடிப்பதையும், கியர்பாக்ஸோடு சேர்ப்பதையும் மெக்கானிக் பார்த்துக்கொள்வார். இன்ஜெக்டருக்கும் சென்சாருக்கும் வயரிங் எங்கிருந்து வருவது என்பதில்தான் எல்லாரும் நின்றுவிடுகிறார்கள். அண்மையில் கோவிந்தாபுரத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் தம் பழைய ஜிப்ஸியோடு வந்தார். நெம்மாறை வழியாக நெல்லியாம்பதிக்கு அடிக்கடி ஏறி இறங்கும் வண்டி அது. உக்கடத்தில் ஒரு பழைய சாமான் கடையில் எஸ்டீமின் 1,298 சிசி எம்பிஎஃப்ஐ எஞ்சினைப் பார்த்து வைத்திருந்தார். கடைக்காரர் எஞ்சினைக் கழற்றும் அவசரத்தில் வயரிங்கை ஃபயர்வாலுக்கு (எஞ்சின் அறையையும் கேபினையும் பிரிக்கும் தகடு) ஒரு சாண் முன்னாலேயே வெட்டியிருந்தார். ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) வேண்டுமென்றால் தேடிப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். இதை வாங்கலாமா, வாங்கினால் எந்த வழியில் வயரிங் செய்யலாம் என்பது அவருடைய கேள்வி. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

வழிகள் மூன்று. எஞ்சின் வந்த வண்டியின் முழு வயரிங் கிட்டையும் ஈசிஎம்மையும் அப்படியே கொண்டு வருவது முதலாவது. நம் வண்டியில் ஏற்கெனவே உள்ள வயரிங்கை வைத்துக்கொண்டு தேவையான இடங்களில் வெட்டி ஒட்டுவது இரண்டாவது. கம்பெனி ஈசிஎம்மை விட்டுவிட்டு, நாமே புரோகிராம் செய்யும் தனி ஈசிஎம்மையும் புதிய வயரிங்கையும் போடுவது மூன்றாவது. எம்பிஎஃப்ஐ எஞ்சினின் மேனிஃபோல்டை மாற்றிக் கார்புரேட்டரைப் பொருத்துவது என்ற நான்காவது வழியையும் சிலர் கேட்கிறார்கள். சமவெளியில் சரியாக வைத்த கார்புரேட்டர், காற்றழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறையும் 1,500 மீட்டர் உயரத்தில் பெட்ரோலை அதிகமாக ஊற்றும். புகைச் சோதனையிலும் தலைவலி வரும். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

எதை வைத்து முடிவு செய்வது

செலவை நான் முதல் அளவுகோலாக வைப்பதில்லை, ஏனென்றால் மூன்று வழிகளிலும் முதலில் சொல்லும் தொகை கடைசியில் நிற்பதில்லை. முதலில் பார்க்க வேண்டியது, வண்டி வழியில் நின்றால் யார் அதைப் பார்க்க முடியும் என்பது. பொள்ளாச்சியிலோ சித்தூரிலோ ஸ்கேனர் வைத்திருக்கும் எந்த மெக்கானிக்கும் கோளாறைப் படிக்க முடியுமா, அல்லது வயரிங் செய்தவரைத்தான் தேடிப் போக வேண்டுமா என்பதில் ஏறக்குறைய பாதி முடிவு அடங்கிவிடுகிறது. அடுத்து, செட் முழுமையாகக் கிடைக்கிறதா என்பது. அதன் பிறகு, எஞ்சினின் சென்சார்களும் இன்ஜெக்டர்களும் ஈசிஎம் எதிர்பார்க்கும் வகையைச் சேர்ந்தவையா என்பது. நான்காவதாக, வயரிங்கில் எத்தனை ஜாயின்ட் விழும் என்பது. சித்திரை வெயிலும், மலையில் ஆனி, ஆடி மழையும், தோப்பு வீட்டில் வயரைக் கடிக்கும் எலியும் முதலில் தேடிப் பிடிப்பது ஜாயின்ட்டைத்தான். பின்னாளில் எஞ்சினில் வேறு மாற்றங்கள் செய்யும் எண்ணம் உண்டா என்பது கடைசி.

இவற்றுக்கெல்லாம் முன்பாக ஆவணம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் இதை அழுத்தமாகவே சொன்னது. எஞ்சின் எண் பதிவுச் சான்றில் இருப்பதால், கே.எல். 70 (சித்தூர்) ஆனாலும் டி.என். 41 (பொள்ளாச்சி) ஆனாலும், எஞ்சின் வாங்கிய பில்லோடு பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டுத்தான் ஸ்பானரை எடுக்க வேண்டும். அனுமதி கிடைக்காத எஞ்சினுக்கு எந்த வயரிங் நல்லது என்ற கேள்விக்கே இடமில்லை.

முதல் வழி: எஞ்சினோடு வந்த கிட்டும் ஈசிஎம்மும்

செட் முழுமையாகக் கிடைக்குமானால் இதுதான் என் முதல் தேர்வு. இன்ஜெக்டரின் ஓம் கணக்கு, எஞ்சின் சுழலும் நிலையைப் பல்சக்கரம் மூலம் படிக்கும் கிராங்க் சென்சாரின் வகை, ஐடிலிங் வால்வை இயக்கும் முறை, குளிர்ந்த எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் கூட்டுவது என்பவையெல்லாம் கம்பெனியில் பல மாதங்கள் உட்கார்ந்து சரி செய்தவை. அந்த உழைப்பு நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. வயர் கலர்கள் மேனுவலில் உள்ளபடியே இருக்கும். செக் எஞ்சின் லைட் எரிந்தால் ஸ்கேனரை மாட்டிப் படிக்கலாம்.

ஆனால் "முழு செட்" என்ற சொல்லில்தான் மறைந்திருக்கும் செலவு உட்கார்ந்திருக்கிறது. கடைக்காரர் முழு செட் என்று கொடுப்பது பெரும்பாலும் எஞ்சின் பக்கத்துக் கிட்டும் ஈசிஎம் பெட்டியும் மட்டுமே. மாருதியின் ஐகேட்ஸ் போன்ற இம்மொபிலைசர் உள்ள வண்டியாக இருந்தால், அந்த ஈசிஎம் தன் சாவியைத் தவிர வேறு சாவிக்கு ஸ்டார்ட் ஆகாது. எனவே சாவி, சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள ஆன்டெனா வளையம், இம்மொபிலைசர் பெட்டி, ஈசிஎம் ஆகிய அனைத்தும் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். மெயின் ரிலேயும் ஃப்யூஸ் பெட்டியும் அந்த வண்டியின் டேஷ்போர்டுப் பக்கத்தில் இருந்திருந்தால், அவற்றின் வயர்களும் வேண்டும். ஆக்ஸிலரேட்டர் கேபிள் இல்லாத எஞ்சின் என்றால் பெடலையும் சேர்த்துக் கழற்றி வர வேண்டும். அந்தப் பெடலுக்குள் இரண்டு சென்சார்கள் இருக்கின்றன, ஈசிஎம் அவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே த்ராட்டிலை (எஞ்சினுக்குள் காற்று போகும் வழியை) திறக்கும்.

வண்டியின் வேக சென்சார் இன்னொரு கண்ணி. பல கம்பெனி ஈசிஎம்கள், வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரிந்த பிறகே ஐடிலிங்கை முடிவு செய்கின்றன. கியர்பாக்ஸ் பழையதாகவே இருந்து, அதில் கேபிள் மீட்டருக்கான பல் மட்டும் இருந்தால், வேக சிக்னல் ஈசிஎம்முக்குப் போகாது. இறக்கத்தில் நியூட்ரலில் வரும்போது எஞ்சின் நின்றுபோவதற்கு இதுவே காரணமாக இருந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

நீளமும் ஒத்துவராது. எஸ்டீமில் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது, ஜிப்ஸியில் நீளவாக்கில். ஒரு வண்டியில் கிட் வளைந்து போகும் பாதை இன்னொன்றில் எக்ஸாஸ்ட்டின் மேலே போய் முடியும். கிட்டின் டேப்பை முழுக்கப் பிரித்து, தேவையற்ற வயர்களை நீக்கி, சிலவற்றை நீட்டி, மீண்டும் சுற்ற வேண்டும். இந்த வேலைக்கு எனக்கு மூன்று முழு நாள்கள் பிடிக்கின்றன; அதில் ஒரு நாள், ஒவ்வொரு கப்ளருக்கும் பேப்பர் டேப் ஒட்டிப் பேர் எழுதி, நாற்பது பக்க நோட்டில் பின் எண்ணையும் வயர் கலரையும் குறித்துக்கொள்வதிலேயே போய்விடும். அந்த ஒரு நாளைச் சேமிக்க நினைத்தவர்கள் பிறகு ஒரு வாரத்தை இழந்திருக்கிறார்கள்.

பழைய வயர் நல்லதா என்று பார்க்க மல்ட்டிமீட்டர் மட்டும் போதாது. பத்து இழைகளில் ஒன்பது அறுந்து ஓர் இழை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் ஏறக்குறைய சுழி ஓம்தான் காட்டும். ஈசிஎம்மைக் கழற்றி வைத்துவிட்டு, சப்ளை வயரின் ஒரு முனையில் பேட்டரியையும் மறுமுனையில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பையும் கொடுத்துப் பாருங்கள்; பல்பு மங்கினால் அந்த வயர் போனதுதான். ஈசிஎம் மாட்டியிருக்கும்போது மட்டும் இந்தப் பல்பை அதன் பின்களில் வைக்கக் கூடாது, இன்ஜெக்டரை இயக்கும் டிரைவர் (ஈசிஎம்முக்குள் இருக்கும் சர்க்யூட்) எரிந்துவிடும்.

இரண்டாவது வழி: இருக்கும் வயரிங்கை வெட்டி ஒட்டுவது

மலிவாகத் தோன்றுவதால் அதிகம் பேர் கேட்கும் வழி இது. நம் வண்டியும் எம்பிஎஃப்ஐ ஆக இருந்து, அதே குடும்பத்து எஞ்சின் ஏறும்போது மட்டுமே இதற்கு அர்த்தம் உண்டு. குடும்பம் ஒன்றாக இருந்தாலே போதும் என்றும் இல்லை. 796 சிசி ஆல்டோவில் 1,061 சிசி வேகன் ஆர் எஞ்சினை ஏற்ற ஒருவர் கேட்டார். இரண்டும் மாருதி, கப்ளர்களும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி. ஆனால் ஆல்டோவின் எஞ்சின் மூன்று சிலிண்டர், வேகன் ஆரின் எஞ்சின் நான்கு. ஆல்டோவின் ஈசிஎம்மில் நான்காவது இன்ஜெக்டரை இயக்க டிரைவரே கிடையாது. ஏதாவது ஒரு வயரோடு சேர்த்து ஒட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள், மூன்று சிலிண்டருக்கு வைத்த ஸ்பார்க் கணக்கு நான்குக்குப் பொருந்தாது என்பதை மறந்துவிடுகிறார்கள். அங்கே வேகன் ஆரின் ஈசிஎம்தான் வர வேண்டும், அதாவது முதல் வழிக்கே திரும்ப வேண்டும்.

இந்த வழியின் விலை ஜாயின்ட்டில் தெரியும். முறுக்கிவிட்டு டேப் சுற்றிய ஜாயின்ட், பாலக்காட்டு ஏப்ரல் வெயிலில் பானெட்டுக்கு அடியில் பசை உருகி அவிழும். ஜூலையில் அதற்குள் தண்ணீர் இறங்கிப் பச்சை பிடிக்கும். சரியான கிரிம்பிங் பிளையரால் அழுத்தி, உள்ளே பசையுள்ள ஹீட் ஸ்லீவ் போட்டு, ஜாயின்ட்டுகளை ஒரே இடத்தில் குவிக்காமல் விரற்கடை விரற்கடையாகத் தள்ளித் தள்ளி வைத்தால் தாங்கும். சால்டரிங் செய்பவர்கள், ஈயம் முடியும் இடத்தில் வயர் விறைத்து அதிர்வில் ஒடியும் என்பதை நினைவில் வைத்து, அந்த இடத்தை அசையாமல் கட்டிவிட வேண்டும்.

ஜாயின்ட்டைவிட அதிகமாக வண்டிகளைக் கெடுப்பது எர்த். சென்சார்களின் எர்த் வயர் ஈசிஎம்முக்குத் தனியாகத் திரும்பிப் போக வேண்டும். வெட்டி ஒட்டும் அவசரத்தில் அதைப் பக்கத்திலிருக்கும் பாடி போல்ட்டில் இறுக்கிவிடுவார்கள். ஃபேனும் ஹெட்லைட்டும் ஓடும்போது அந்த போல்ட்டில் 0.3 வோல்ட் ஏறினால் என்ன ஆகும்? த்ராட்டில் சென்சாரின் சிக்னல் ஏறக்குறைய 0.5 வோல்ட்டிலிருந்து 4.5 வோல்ட் வரைதான் நகர்கிறது; அதில் 0.3 வோல்ட் என்பது ஏழெட்டு சதவீதப் பெடல். ஓட்டுபவர் பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் யாரோ பெடலை லேசாக மிதித்திருப்பதாக ஈசிஎம் நம்பும், ஐடிலிங் ஏறி இறங்கும். த்ராட்டில் பாடியை மாற்றச் சொல்லி வாடிக்கையாளரை அலையவிடுவதற்கு முன்பு இந்த ஒரு போல்ட்டைப் பார்க்கலாம்.

மூன்றாவது வழி: தனி ஈசிஎம்மும் புதிய வயரிங்கும்

ஹால்டெக், லிங்க் போன்ற விலை உயர்ந்த பெட்டிகளிலிருந்து, மெகாஸ்குவர்ட், ஆர்டுவினோ போர்டின் மேல் கட்டும் ஸ்பீடுயினோ வரை இதில் பல படிகள் உண்டு. பழைய செட் கிடைக்காதபோதும், டர்போவோ பெரிய இன்ஜெக்டரோ வைக்கும்போதும் வேறு வழியில்லை. அண்மைக் காலத்து எஞ்சின்களில், ஈசிஎம் தன் பழைய வண்டியின் பாடி கம்ப்யூட்டரோடும் மீட்டரோடும் கேன் வயரில் பேசிக்கொண்டே இருக்க எதிர்பார்க்கும். அந்தப் பெட்டிகள் அத்தனையையும் கொண்டு வருவதைவிட இது எளிதாகிவிடும். வயர் புதியது, நீளம் நம் கையில், ஜாயின்ட் ஏறக்குறைய இல்லை. சென்சாருக்கு 0.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.), இன்ஜெக்டருக்கு 0.75 அல்லது 1, பம்புக்கு 2.5 ஸ்கொயர் என்று வெப்பம் தாங்கும் வண்டி வயராகவே போட வேண்டும். வீட்டு வயர் வேண்டாம்.

இன்ஜெக்டரில் முதலில் ஓமை அளக்க வேண்டும். 12 முதல் 16 ஓம் இருந்தால் அது சாதாரண வகை, ஓர் ஆம்பியருக்குச் சற்று முன்பின் இழுக்கும். 2, 3 ஓம் மட்டுமே இருந்தால் ஐந்து ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும். ஸ்பீடுயினோ போன்ற பெட்டியில் அதை நேராக மாட்டினால் டிரைவர் போய்விடும், ஒவ்வொன்றுக்கும் தொடரில் ரெசிஸ்டர் வைக்க வேண்டும். இன்ஜெக்டரின் ஒரு காலுக்கு ரிலே வழியாக 12 வோல்ட் நிரந்தரமாக வரும். ஈசிஎம் மறுகாலை எர்த் செய்துதான் திறக்கிறது. கேம் சென்சார் இல்லையென்றால் முழு சீக்வென்ஷியல் (ஒவ்வொரு இன்ஜெக்டரையும் அதனதன் முறையில் தனித்தனியே திறப்பது) முடியாது; 1–3–4–2 வரிசை எஞ்சினில் 1, 4 ஒரு ஜோடியாகவும் 2, 3 ஒரு ஜோடியாகவும் திறக்கும்படி வைத்தாலும் தெருவில் ஓட்டுபவருக்கு வித்தியாசம் தெரியாது.

கிராங்க் சென்சார்தான் என் கர்வத்தை அடக்கியது. செட்டிப்பாளையத்து கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்கென்று ஓர் இளைஞர் கொண்டு வந்த வண்டிக்குத் தனி ஈசிஎம் போட்டேன். 36 பல்லில் ஒன்று குறைந்த சக்கரம், இரண்டு வயர் காந்த சென்சார். முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆனது, ஐடிலிங்கும் நன்றாக இருந்தது. 3,000 ஆர்பிஎம்மைத் தாண்டினால் துப்பாக்கி வெடிப்பதுபோல் மிஸ்ஸிங். பிளக்கை மாற்றினேன், பம்பை மாற்றினேன், காயிலை மாற்றினேன். மூன்றாம் நாள் மாலை, வேறு எதுவும் மிச்சமில்லாததால், சென்சாரின் இரண்டு வயர்களை இடம் மாற்றிப் போட்டேன். 6,000 வரை சத்தமில்லாமல் ஏறியது. பல் சென்சாரைக் கடக்கும்போது எழும் அலை, ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சாய்வாகவும் சுழியைக் கடக்கிறது. வயர் மாறினால் ஈசிஎம் சாய்வான பக்கத்தைப் பிடிக்கும், வேகம் கூடக் கூட டைமிங் நழுவும், விடுபட்ட பல்லும் குழம்பும். இந்த வயர் ஷீல்டு உள்ளதாக இருக்க வேண்டும், அந்த ஷீல்டு ஈசிஎம் முனையில் மட்டும் எர்த் ஆக வேண்டும், காயில் வயரோடு சேர்த்துக் கட்டக் கூடாது.

மறைந்திருக்கும் செலவு இங்கே நாள்களாக வருகிறது. வார்ம் ஆன எஞ்சினை ஒரு மாலையில் ட்யூன் செய்துவிடலாம். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட்டை அப்படிச் செய்ய முடியாது, ஏனென்றால் எஞ்சின் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் முழுவதும் குளிர்கிறது. ஒவ்வொரு காலையும் ஒரே ஒரு முயற்சி. ட்யூன் செய்ய, புகையிலிருந்து காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் ஐந்து வயர் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் வேண்டும், அது தனிச் செலவு. இன்று பங்கில் வரும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலின் ஒரு பங்குக்குச் சரியான காற்று, சுத்தப் பெட்ரோலின் 14.7 பங்கு இல்லை, சுமார் 13.5; சுத்தப் பெட்ரோலில் ட்யூன் செய்து அப்படியே விட்டவர்கள் எஞ்சினை லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகும், போத்துண்டி அணைக்கு மேலே வண்டி நின்றால் அதைப் படிக்கும் லேப்டாப் என் பட்டறையில்தான் இருக்கும்.

ஒரு பார்வையில்

| அளவுகோல் | எஞ்சினோடு வந்த கிட் | வெட்டி ஒட்டுவது | தனி ஈசிஎம் |
|---|---|---|---|
| வழியில் நின்றால் | ஸ்கேனர் உள்ள எவரும் பார்க்கலாம் | ஸ்கேனர் படிக்கும், ஜாயின்ட்டை ஒட்டியவர்தான் தேட வேண்டும் | செய்தவரே வர வேண்டும் |
| கிடைக்க வேண்டியவை | ஈசிஎம், கிட், சாவி, இம்மொபிலைசர், ரிலே, வேக சென்சார் | ஒத்துப்போகும் ஈசிஎம், கப்ளர்கள் | எல்லாம் புதிதாக வாங்கலாம் |
| ஜாயின்ட் | குறைவு | மிக அதிகம் | இல்லை என்றே சொல்லலாம் |
| மறைந்த செலவு | கிட்டைப் பிரித்துச் சுற்றும் நாள்கள் | பிறகு வரும் தொல்லை | வைட்பேண்ட், ட்யூனிங் காலைகள் |
| மலை ஏற்றம் | ஈசிஎம் தானே சரி செய்யும் | அதுவே | காற்றழுத்தத் திருத்தத்தை நாமே வைக்க வேண்டும் |
| பின்னாள் மாற்றங்கள் | இடமில்லை | இடமில்லை | தாராளம் |

எந்த வழியானாலும், கார்புரேட்டர் வண்டிக்குப் பெட்ரோல் லைனும் மாற வேண்டும் என்பதைப் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்: பழைய மெக்கானிக்கல் பம்பு கொடுக்கும் அழுத்தம் 0.3 பாருக்குள் அடங்கும், இன்ஜெக்டருக்கு 2.5 முதல் 3 பார் வேண்டும்.

எவருக்கு எது

தினமும் ஓடும் வண்டி, தோட்டத்து வண்டி, குடும்பத்தோடு போகும் வண்டி என்றால் முதல் வழியைத் தவிர மற்றதைப் பற்றி யோசிக்க வேண்டாம். செட் முழுமையாக இல்லையென்றால் எஞ்சினையே மாற்றித் தேடுங்கள். ஒரே வண்டியின் ஒரே எஞ்சின், வருடம் மட்டும் முன்பின் என்றால் இரண்டாவது வழி போதும், ஆனால் ஜாயின்ட் பத்தைத் தாண்டினால் அங்கேயே நிறுத்திக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். ட்ராக்கில் ஓட்டுபவருக்கும், லேப்டாப்போடு காலையில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதையே இன்பமாகக் கருதுபவருக்கும் மூன்றாவது.

கோவிந்தாபுரத்துக்காரரிடம், அந்த எஞ்சினுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம் என்றேன். பிந்தைய ஆண்டுகளில் கம்பெனியிலிருந்தே எம்பிஎஃப்ஐயுடன் வெளிவந்த ஜிப்ஸி ஒன்று கழிவுக்கு வந்தால், அதன் கிட் நீளவாக்கில் உட்கார்ந்த எஞ்சினுக்கென்றே செய்தது. எஞ்சினும் அதே 1,298 சிசி. டேங்க்கும் ரிட்டர்ன் லைனும்கூட அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். மூன்று வாரம் கழித்து அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். எஞ்சின், கிட், ஈசிஎம் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டிக்கொண்டு வந்தவரிடம் சாவியைக் கேட்டேன். கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அன்றைக்கே திரும்பப் போய் வாங்கி வந்தார். இப்போது அந்த கிட், பேப்பர் டேப் ஒட்டி, என் பெஞ்சின் மேல் விரிந்து கிடக்கிறது; பதிவு அலுவலகத்து அனுமதி வந்ததும் எஞ்சின் உள்ளே இறங்கும்.